மரம், ஆறு, காடு, ஆள்: தோட்டத் தொழிலில் நிலைத்தன்மையின் வரலாறு

நிறுவனங்கள் இன்று தம் ஆண்டறிக்கைகளில் தவறாமல் எழுதும் ஒரு சொல்லிலிருந்து இவ்வுரையைத் தொடங்குகிறேன். 1987இல் புருண்ட்லண்ட் ஆணையத்தின் அறிக்கை வெளிவந்த பின் உலகெங்கும் பரவிய கருத்து ஒன்றுக்குத் தமிழில் இன்னும் ஒரே பெயர் அமையவில்லை. இலங்கையில் அது ‘நிலைபேறு’. தமிழ்நாட்டு எழுத்தில் ‘நீடித்த வளர்ச்சி’, ‘வளங்குன்றா வளர்ச்சி’, ‘பேண்தகு வளர்ச்சி’ என மூன்றும் வழங்குகின்றன. சிங்கப்பூரில் 2020 முதல் ஓர் அமைச்சின் பெயரிலேயே ‘நீடித்த நிலைத்தன்மை’ இடம்பெற்றுள்ளது.

இத்தனை பெயர்கள் இருப்பதை நான் குறையாகக் கருதவில்லை. கலைச்சொல்லாக்கத்தில் இது இயல்பு. ஆனால் இவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும் இலக்கண மாணவருக்கு ஒரு வினா எழும். நிலைப்பது எது? ‘வளங்குன்றா’ என்பதில் எழுவாய் வெளிப்படை; குன்றாதிருக்க வேண்டியது வளம். ‘பேண்தகு’ என்றால் பேணுபவர் ஒருவர் வேண்டும். அவர் யார் என்பதைச் சொல் கூறவில்லை. ‘நிலைத்தன்மை’யிலோ எழுவாயே இல்லை. மண் நிலைப்பதா, ஆறு நிலைப்பதா, நிறுவனம் நிலைப்பதா, அதில் உழைப்பவர் நிலைப்பதா? இவ்வினாவை அகராதியில் வைத்து விடுவிக்க இயலாது. நம் முன்னோர் பலர் உழைத்த தோட்டத் தொழிலின் வரலாற்றில் வைத்துப் பார்க்கலாம்.

இம்மண்ணில் முதலில் வந்த வணிகப் பயிர்களுக்கு நிலைப்பது பற்றிய கவலையே இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூர்த் தீவெங்கும் சீனக் குடியேறிகள் மிளகும் கேம்பியரும் பயிரிட்டனர். கேம்பியர் இலையைக் காய்ச்சிச் சாறெடுக்க விறகு வேண்டும். விறகுக்குக் காடு வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்குள் மண் சலித்துவிடும், சுற்றியுள்ள காடும் தீர்ந்துவிடும். தோட்டக்காரர் அவ்விடத்தை லாலாங் புல்லுக்கு விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் பெயர்ந்தார். தீவு தீர்ந்ததும் ஜொகூர் இருந்தது. நிலம் மலிவாகவும் காடு எல்லையற்றதாகவும் தோன்றியவரை இம்முறையில் கணக்குப் பிழை எதுவும் இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கெத்தா பெர்ச்சாவின் கதை இன்னும் கடுமையானது. 1843இல் மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி இம்மரப்பாலின் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். கடல்நீரில் கெடாத இப்பொருள், ஆழ்கடல் தந்திக் கம்பிகளுக்கு உறையிட உகந்தது என்று பின்னர்த் தெரிந்தது. அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் சென்ற தந்திக் கம்பியின் உறை, மலாய்த் தீவுக்கூட்டத்துக் காடுகளிலிருந்து போனது. ஆனால் அப்பாலை எடுக்க மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். முதிர்ந்த மரம் ஒன்று தந்தது சொற்பம். சில ஆண்டுகளுக்குள் சிங்கப்பூரில் அம்மரம் அரிதாயிற்று. வணிகம் ஜொகூருக்கும் சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் நகர்ந்தது. 1883இல் நத்தேனியல் கேன்ட்லி நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி அறிக்கை எழுதிய பின்னரே இங்குக் காட்டு ஒதுக்கங்கள் ஏற்பட்டன. ஜாவாவில் டச்சுக்காரர்கள் இதே மரத்தைத் தோட்டமாக வளர்த்து, மரத்தை விட்டுவிட்டு இலையிலிருந்து பாலெடுக்கும் முறையைக் கண்டார்கள். அதற்குள் காட்டு மரங்களின் பெரும்பகுதி போய்விட்டது.

மரப்பாலைக் குறிக்கும் ‘கெத்தா’ என்னும் மலாய்ச் சொல் நம் வழக்கில் ‘கித்தா’ ஆகி, ரப்பருக்குப் பெயராயிற்று. வெட்டப்பட்ட மரத்தின் பாலுக்கும் வெட்டாமல் சீவிய மரத்தின் பாலுக்கும் ஒரே சொல். ஆனால் இரண்டுக்கும் இடையில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. 1877இல் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888இல் பூமலையின், அதாவது தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, பட்டையை மெல்லிய இழையாக மட்டும் சீவி, உள்ளிருக்கும் வளர்படலம் காயப்படாமல் பாலெடுக்கும் முறையை வகுத்தார். சீவிய இடத்தில் பட்டை மீண்டும் வளரும். ஒரே மரம் இருபது, முப்பது ஆண்டுகள் பால் தரும். அக்காலத்தில் அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்றே பலர் அழைத்தனர். 1896இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பரை வணிகமாகப் பயிரிட்ட பிறகும், நம்பிக்கை உடனே வரவில்லை. காப்பி விலை விழுந்த பிறகே வந்தது. நிறுவனங்களின் மனமாற்றத்தில் விலைச்சரிவு ஆற்றிய பங்கை வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசுவதில்லை.

பால்வெட்டில் மரத்தைக் காத்த அதே துரைமார்கள் மண்ணைக் காக்கவில்லை. தோட்டம் துடைத்து வைத்தாற்போல் ஒரு புல்லும் இன்றி இருக்க வேண்டும் என்பது அன்றைய ஒழுங்கு. களையெடுப்பதற்கென்றே ஆள்கள் அமர்த்தப்பட்டனர். இப்பகுதியின் மழை, போர்வையில்லாத சரிவுகளின் மேல்மண்ணை ஆற்றுக்குக் கொண்டுபோயிற்று. மரத்தின் விளைச்சல் குறையத் தொடங்கிய பிறகே, 1920களிலும் 30களிலும், சென்ட்ரோசீமா, புவேரேரியா போன்ற படர்கொடிகளை வரிசைகளுக்கிடையே வளர்க்கும் வழக்கம் பரவியது. அக்கொடிகள் மண்ணைப் பிடித்தன, தழைச்சத்தும் தந்தன. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய மலாயா ரப்பர் ஆய்வுக்கழகம் இத்தகைய முறைகளை ஆராயும் நிலையான இடமாயிற்று. சுத்தமே அழகு என்றிருந்த கண் மாறுவதற்கு ஒரு தலைமுறை பிடித்தது.

இனி ஆளுக்கு வருவோம். தோட்டத் தமிழில் ‘ஆள்’ என்றால் தொழிலாளி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களுக்கு நிலமும் முதலும் இருந்தன, குறைந்தது ஆள். கப்பற்பயணக் கூலியையும் கங்காணி கொடுத்த முன்பணத்தையும் கடனாகத் தலையில் சுமந்து வந்தவர், அதைத் தீர்க்கும்வரை கட்டுண்டிருந்தார். இதில் முதலாளிகளுக்கும் ஒரு தொல்லை. செலவு செய்து ஆளை வரவழைத்தவர் ஒருவர். அதிகக் கூலி காட்டி அவரை இழுத்துக்கொள்பவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர். எனவே செலவு செய்ய எவரும் முன்வரவில்லை. 1907இல் தமிழர் குடிவரவு நிதி சட்டமாயிற்று. இந்தியத் தொழிலாளரை அமர்த்திய ஒவ்வொரு முதலாளியும், தம்மிடம் நடந்த வேலைநாள்களுக்கு ஏற்ப அந்நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். பயணச் செலவை நிதி ஏற்கும். வருபவர் கடனின்றி இறங்குவார். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது.

இதை அறச்செயல் என்று நான் புகழப்போவதில்லை. கங்காணிகளின் பிடிப்புகள் அதன்பின்னும் தொடர்ந்தன. கூலி தாழ்ந்தே இருந்தது. மலேரியா லயங்களில் உயிர்களைக் கொண்டுபோயிற்று. கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்து மலேரியாவைத் தணித்துக் காட்டியது 1901ஆம் ஆண்டு வாக்கில். தோட்டங்கள் அதைப் பின்பற்றத் தாமதித்தன. ஆனால் 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நுட்பமான உண்மையைக் காட்டுகிறது. ஒருவர் மட்டும் நல்லது செய்தால் நட்டப்படுவார் என்னும் நிலையில், எல்லார் மீதும் ஒரே சுமையை ஏற்றினால், நல்லது செய்வது போட்டியில் தோல்வியாகாது. இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செம்பனையில் மீண்டும் காண்போம்.

செம்பனை மலாயாவில் வணிகப் பயிராக முதலில் வேரூன்றியது 1917இல், சிலாங்கூரில், ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரரின் தென்னமரம் தோட்டத்தில். பெயரில் தென்னை, நிலத்தில் செம்பனை. இப்படிப்பட்ட பெயர்களைத் தொகுத்து வைப்பது நம் மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. ரப்பர் விலை தளர்ந்த 1960களில் மலேசியா செம்பனைக்கு மாறத் தொடங்கியது. 1975இல் ஏறத்தாழ 1.2 மில்லியன் டன்னாக இருந்த எண்ணெய் உற்பத்தி 1985இல் 4 மில்லியன் டன்னைத் தாண்டியது.

எண்ணெயோடு கழிவுநீரும் பெருகியது. பழக்குலையை ஆவியில் வேகவைத்துப் பிழிந்து எண்ணெயைப் பிரிக்கும்போது, ஒரு டன் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை டன் பழுப்புநிறக் கழிவுநீர் வெளியேறும். அதில் நஞ்சு இல்லை. மக்கும் பொருள் மிகுதி. அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் ஆற்றின் உயிர்வளியை உண்டுவிடும். நீர் ஒன்றை மக்கச் செய்ய எவ்வளவு உயிர்வளி வேண்டும் என்பதே அதன் மாசின் அளவுகோல். ஆலைக் கழிவுநீரில் இவ்வளவு லிட்டருக்கு 25,000 மில்லிகிராம். வீட்டுக் கழிவுநீரைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. 1970களின் நடுப்பகுதியில் செம்பனை ஆலைகள் ஆறுகளில் விட்ட மாசு, நாட்டு மக்கள் அனைவரின் கழிவும் சேர்ந்து உண்டாக்கும் மாசையும் விஞ்சியது. மீன் செத்தது. ஆற்றை நம்பி வாழ்ந்த கம்பத்து மக்கள் குடிநீரையும் இழந்தனர்.

ஏற்றுமதியில் முதன்மை பெற்றுவந்த தொழில் அது. அதை மூடவும் முடியாது, விட்டுவைக்கவும் முடியாது. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. அவற்றின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதுவே இவ்வரலாற்றின் மிகச் செறிவான பகுதி. 1978இல் வரம்பு 5,000 மில்லிகிராம். அடுத்த ஆண்டு 2,000. அதற்கடுத்து 1,000, பின்னர் 500, 250, இறுதியாக 1984இல் 100. ஒவ்வோர் ஆலையும் ஆண்டுதோறும் உரிமம் பெற வேண்டும். உரிமக் கட்டணம் அது வெளியேற்றும் மாசின் அளவுக்கு ஏற்ப உயரும். வரம்பைத் தாண்டிய மாசுக்குக் கட்டணம் பன்மடங்கு. சுத்திகரிப்பு முறைகளை ஆராயும் ஆலைக்குக் கட்டணச் சலுகையும் உண்டு.

விதி வந்தபோது, செம்பனைக் கழிவுநீரைத் தூய்மையாக்கும் தேர்ந்த தொழில்நுட்பம் உலகில் எங்கும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க விதியே காலம் கொடுத்தது. ஆலைகள் குளங்களை வெட்டின. காற்றுப்படாத ஆழ்குளத்தில் ஒரு வகை நுண்ணுயிரும், ஆழம் குறைந்த குளத்தில் வேறு வகையும் வேலை செய்தன. தோட்டத்தில் நிலம் ஏராளம். எனவே குளம் மலிவு. அப்போது இன்னோர் உண்மையும் தெரியவந்தது. தழைச்சத்தும் சாம்பல்சத்தும் கொண்ட அந்நீரைச் செம்பனை வரிசைகளுக்கே பாய்ச்சினால் உரச்செலவு குறையும். ஆற்றில் கொட்டியதெல்லாம் உரம் என்று கணக்கர்கள் கண்டுகொண்ட நாள், விதியின் வேலையில் பாதி முடிந்தது. 1979இல் தோன்றிய மலேசியச் செம்பனை எண்ணெய் ஆய்வுக்கழகம் இவற்றை எல்லா ஆலைகளுக்கும் கொண்டுசென்றது. இணங்காத ஆலைகளும் இருந்தன. உரிமம் நிறுத்தப்பட்டவையும் உண்டு. ஆயினும் உற்பத்தி மும்மடங்கு பெருகிய அதே ஆண்டுகளில் ஆறுகளுக்குப் போன சுமை மிகப் பெரிதும் இறங்கியது. தம் விருப்பத்தால் மாறினோம் என்று பிற்காலத்தில் பேசிய நிறுவனங்களைப் படிக்கும்போது இந்த அட்டவணையை நினைவில் கொள்வது நன்று.

குளங்கள் ஆற்றைக் காத்தன. ஆனால் காற்றுப்படாத குளத்திலிருந்து மீத்தேன் எழுந்தது. அது தட்பவெப்பத்துக்குக் கேடு என்பது 1978இல் எவருடைய கணக்கிலும் இல்லை. மீத்தேனைப் பிடித்து மின்சாரமாக்கும் ஏற்பாடு புதிய ஆலைகளுக்குக் கட்டாயமானது 2014இல்தான்.

அதே காலத்தில் தோட்டத்துக்குள்ளும் மாற்றங்கள் நேர்ந்தன. எலியை ஒழிக்க நஞ்சிடுவதற்குப் பதிலாகக் கம்பத்தின்மேல் பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியேற்றினார்கள். 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டு ஜொகூரின் குளுவாங் அருகே விடப்பட்டது. அதுவரை செம்பனைப் பூக்களுக்கு ஆள்களே கையால் மகரந்தம் தூவினர். ஆப்பிரிக்காவில் இவ்வேலையை வண்டு செய்கிறது என்று யூனிலீவரின் லெஸ்லி டேவிட்சனும் பூச்சியியலாளர் சையத் ரகுமானும் காட்டினர். விளைச்சல் உயர்ந்தது, செலவு இறங்கியது. மகரந்தம் தூவிய ஆள்களின் வேலை அத்துடன் முடிந்தது. இயற்கைக்கு இணங்கிய முறை என்று நாம் பாராட்டும் ஒன்று, லயத்தில் குடியிருந்த குடும்பத்துக்கு வேறு செய்தியாகப் போய்ச்சேர்ந்தது.

காட்டுக்கும் காற்றுக்கும் வந்தால், தீ முன்னே நிற்கிறது. இருபத்தைந்து ஆண்டு முதிர்ந்த செம்பனையைச் சாய்த்து, எரித்து, மறுநடவு செய்வதே பழைய வழக்கம். 1980களின் பிற்பகுதியில் கோல்டன் ஹோப் நிறுவனம் சாய்த்த மரங்களை இயந்திரத்தால் சீவித் துண்டாக்கி வரிசைகளில் மக்கவிடும் முறையைப் பரவலாக்கியது. எரிப்பதற்கு வெயிலை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. சத்து மண்ணுக்கே திரும்பும். மக்கும் மரத்தில் காண்டாமிருக வண்டு பெருகும் என்னும் அச்சம் இருந்தது. துண்டுகளைச் சிறிதாக்கி அதைக் குறைத்தார்கள். 1992இல் அந்நிறுவனம் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘குளோபல் 500’ விருதைப் பெற்றது. ஐந்தே ஆண்டுகளில், 1997இல், சுமத்ராவிலும் களிமந்தானிலும் மூண்ட தீயின் புகைமூட்டம் சிங்கப்பூரையும் தீபகற்பத்தையும் மூடியது. எரிக்காமல் நடவு செய்ய வழி தெரிந்தே இருந்தது. ஆனால் தீக்குச்சி மலிவாகவும் சட்டம் தொலைவாகவும் இருந்த இடத்தில் அவ்வழி எடுபடவில்லை. 2002இல் ஆசியான் உடன்பாடும் 2014இல் சிங்கப்பூரின் எல்லை தாண்டிய புகைமூட்ட மாசுச் சட்டமும் அந்தத் தொலைவைக் குறைக்க முயன்றன.

சொல்லாய்வாளன் என்ற முறையில் என்னை மிகவும் உறுத்தும் சொல் ஒன்று தோட்டத்தில் உண்டு. களைக்கொல்லியைத் தெளிக்கும் வேலைக்கு ‘மருந்தடித்தல்’ என்று பெயர். உயிரைக் கொல்வதற்கும் உயிரைக் காப்பதற்கும் ஒரே சொல்லை வழங்குவது தமிழின் பழைய மங்கல வழக்குப் போலத் தோன்றலாம். ஆனால் முதுகில் தெளிப்பானைச் சுமந்து வரிசை வரிசையாக நடந்த பெண்களுக்கு, இது தம் உடலுக்கு ஆகாது என்று எச்சரிக்கும் கூறு அச்சொல்லில் இல்லை. பரகுவாட் என்னும் களைக்கொல்லி தோலை அரிக்கும், நகத்தை உதிர்க்கும், மூக்கில் குருதி வரச்செய்யும். உள்ளே சென்றால் நுரையீரலை அழிக்கும். 2002இல் தெனாகனித்தா அமைப்பு, தெளிப்பு வேலை செய்த பெண்களின் உடல்நிலை குறித்த ஆய்வை வெளியிட்டது. அவ்வாண்டே அரசு பரகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தது. 2006இல் அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. முழுத்தடை வந்தது 2020இல். ஆற்றுக்கு ஆறு ஆண்டில் கிடைத்த தீர்வு, தெளிப்புக்காரருக்குப் பதினெட்டு ஆண்டு கழித்துக் கிடைத்தது.

இதற்கிடையில் நெருக்குதல் வரும் திசை மாறிவிட்டது. முன்பு விதி நாட்டின் அரசிடமிருந்து வந்தது. இப்போது எண்ணெயை வாங்குபவரிடமிருந்து வந்தது. 2003இல் கோலாலம்பூரில் கூடி, 2004இல் முறையாக அமைந்த நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய் வட்டமேசையில் தோட்டக்காரர், எண்ணெய் வாங்கும் நிறுவனத்தார், இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினர் ஒன்றாக அமர்ந்தனர். 2008இல், பேராக்கில் வேரூன்றிய யுனைடெட் பிளான்டேஷன்ஸ் அதன் சான்றிதழைப் பெற்ற முதல் தோட்ட நிறுவனமாயிற்று. இன்று உலகச் செம்பனை எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அச்சான்றிதழ் பெற்றது. ஆனால் விருப்பமுள்ளவர் மட்டும் சேரும் திட்டத்தில், சேராதவர் மலிவாக விற்கலாம் என்ற பழைய இடர் இருந்தது. மலேசியா 2015இல் தன் சொந்தச் சான்றிதழ் முறையை நடைமுறைப்படுத்தி, 2020 முதல் அதைச் சிறுதோட்டக்காரர் உட்பட எல்லாருக்கும் கட்டாயமாக்கியது. 1907இல் குடிவரவு நிதிக்குச் சொன்ன அதே நியாயம்தான்: சுமை பொதுவானால் எவரும் பின்வாங்கக் காரணமில்லை.

இச்சான்றிதழ்களின் பட்டியலில் காடு உண்டு, கரிமண் நிலம் உண்டு, ஆற்றங்கரை உண்டு. தொழிலாளர் உரிமையும் எழுத்தில் உண்டு. ஆனால் தணிக்கையாளர் மரத்தை எண்ணுவது எளிது. ஆளின் கடனை எண்ணுவது அரிது. 2020 செப்டம்பரில் எஃப்ஜிவி நிறுவனத்தின் எண்ணெயையும், டிசம்பரில் சைம் டார்பி பிளான்டேஷன் நிறுவனத்தின் எண்ணெயையும் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் உள்ளன என்று கூறித் தடுத்து நிறுத்தியது. பின்னது, சான்றிதழ் பெற்ற எண்ணெய் உற்பத்தியில் உலகில் முதலிடத்தில் இருந்த நிறுவனம். எரிக்காத மறுநடவுக்கு விருது பெற்ற கோல்டன் ஹோப் 2007இல் இணைந்ததும் அக்குழுமத்தில்தான். குறை களையும் நடவடிக்கைகளுக்குப் பின் 2023இல் அந்நிறுவனத்தின் மீதான தடை நீங்கியது.

சுட்டப்பட்ட அறிகுறிகளில் ஒன்று கடன். தோட்டங்களில் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். ஊரில் முகவருக்குக் கட்டணம் கட்டி, அதற்காக வட்டிக்கு வாங்கி, அதைத் தீர்க்கும்வரை வேறிடம் போக முடியாத நிலையில் பலர் வருகிறார்கள். 2022இல் எஃப்ஜிவி, தன் இந்நாள், முன்னாள் தொழிலாளர்களிடமிருந்து பெறப்பட்ட ஆள்சேர்ப்புக் கட்டணங்களை ஈடுசெய்ய 100 மில்லியன் ரிங்கிட்டுக்கும் மேற்பட்ட தொகையைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அதே செலவை 1907ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளியின் கணக்கில் எழுதியிருந்தது.